பீளமேட்டுக்கு மேலேயா, கீழேயா? குழம்பும் செல்போன்!

கோவை அவினாசி ரோட்டில் 10.1 கிலோ மீட்டர் நீள ஜி.டி.நாயுடு மேம்பாலம் 9-10-2025 அன்று திறக்கப்பட்டது. பீளமேட்டில் இப்போது மேலே ஒரு ரோடு, கீழே ஒரு ரோடு! செல்போனில் வழி பார்த்து கார் ஓட்டுபவர்களுக்கு இங்கேதான் திண்டாட்டம்.

சுமார் 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நாலின் சிக்னலாவது கிடைத்தால், போன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். ஆனால் உயரத்தில் தப்பு அதிகம் வரும். கார் பாலத்து மேலேயா, அடியிலேயா என்று அதற்கே சந்தேகம்!

மேம்பாலம் வருவதை முன்கூட்டியே சொல்லும் வசதியை 2024 ஜூலையில் கூகுள் இந்தியாவில் கொண்டு வந்தது. அதை மட்டும் நம்பினால் போதாது.

ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர் தவறி மேலே ஏறிவிட்டால், அடுத்த இறக்கம் வரை திரும்ப வழியில்லை. ஏறுமுன் போர்டைப் பாருங்கள். சந்தேகமா? வண்டியை ஓரங்கட்டி, "ஏனுங்க, பீளமேட்டுக்கு மேலீங்களா, கீழீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்!