இடுப்பு சாய்ந்தால் முழங்கால் உதை குறையுமா?

மருத்துவர் சிறு ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உடனே கால் முன்னோக்கி உதைக்கிறது. உதைக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கவே இல்லை! இந்த அனிச்சைச் செயலை ஜெர்மானிய மருத்துவர்களான எர்ப், வெஸ்ட்பால் இருவரும் 1875-ஆம் ஆண்டில் தனித்தனியே விவரித்தனர்.

இது எப்படி நடக்கிறது? முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் தட்டுப்படும்போது, தொடையின் முன்புறத் தசை சற்றே இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் உணர் உறுப்புகள் அச்செய்தியைத் தொடை நரம்பின் வழியே தண்டுவடத்துக்கு அனுப்புகின்றன. கீழ்முதுகின் 2, 3, 4-ஆம் நரம்பு வேர்கள் இப்பணியைச் செய்கின்றன. மூளையைக் கேளாமலே 'சுருங்கு' என்ற கட்டளை திரும்பி வருகிறது. ஒரு விநாடியை 50 பங்காக்கினால், ஏறக்குறைய ஒரு பங்கு நேரத்தில் தசை செயல்படத் தொடங்கிவிடும்!

தொடை நரம்பு இடுப்புக் கூட்டின் உட்புறமாக இறங்கியே தொடையை அடைகிறது. அப்படியானால், இடுப்பெலும்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் உதை குறையுமா?

சாய்வு மட்டுமே இருந்தால் பொதுவாகக் குறையாது. ஒரு கால் சற்றுக் குட்டையாக இருந்தாலே இடுப்பு சாயும். அதனால் நரம்பு நசுங்கிவிடுவதில்லை. நரம்பின் பாதையில் எங்கேனும் அழுத்தமோ காயமோ ஏற்பட்டால்தான் உதை குறையும். விபத்தில் இடுப்பெலும்பு முறியும்போது இவ்வாறு நேரலாம். கீழ்முதுகின் 3, 4-ஆம் முள்ளெலும்புகளுக்கு இடையே 'டிஸ்க்' எனப்படும் இடைத்தட்டு பிதுங்கி 4-ஆம் நரம்பு வேரை அழுத்தினாலும் நேரலாம்.

இங்கேதான் ஒரு புதிர்! இடைத்தட்டு பிதுங்கியவர், வலி தாளாமல் உடலை ஒரு பக்கம் சாய்த்து நிற்பதுண்டு. சாய்வும் குறைந்த உதையும் ஒருங்கே தெரியும். பார்ப்பவர் சாய்வே காரணம் என்பார். உண்மையில் இரண்டுக்கும் காரணம் இடைத்தட்டுதான். 'இடுப்பை நேராக்குகிறேன்' என்று யாரேனும் பிடித்துத் திருகினால், மூல காரணம் மறைந்தே இருக்கும், கேடும் விளையலாம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கால்கள் தொங்கும்படி மேசைமீது அமருங்கள். நண்பரை விரல்களின் ஓரத்தால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். பிறகு இரு கை விரல்களையும் கோத்து வெளிப்புறமாக இழுத்துக்கொண்டிருக்கும்போது மீண்டும் தட்டச் சொல்லுங்கள். உதை வலுப்பதைக் காணலாம்.

உதையின் வலிமை ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு இரு கால்களிலும் மெதுவாகவே இருக்கும். எனவே மருத்துவர் இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஒரு காலில் மட்டும் உதை குறைந்து, மரப்போ தளர்ச்சியோ இருந்தால், தாமதிக்காமல் அவரிடம் காட்டுங்கள்.