கஞ்சி வயிற்றை ஆற்றும், எடையைக் கூட்டுமா?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றவுடன் சேலம், நாமக்கல் பகுதி வீடுகளில் முதலில் அடுப்பேறுவது ஜவ்வரிசிக் கஞ்சியே. மரவள்ளிக் கிழங்கு விளையும் வட்டாரம் இது. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்காக 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கமும் சேலத்திலேயே இயங்குகிறது. கைக்கெட்டும் தொலைவில் கிடைப்பது, எளிதில் செரிப்பது என்பதால் வீட்டுப் பெரியோர் அதனை நம்புவதில் வியப்பில்லை. ஆயினும், வயிறு சரியான பின்னும் பல வாரங்கள் அதே கஞ்சியில் வளரும் குழந்தை எடை கூடாமல் தளர்ந்துவிடும். அதன் காரணத்தைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம்.

கஞ்சியில் இல்லாதது எது?

ஜவ்வரிசி ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்தே. 100 கிராம் ஜவ்வரிசியில் 1 கிராம் புரதம்கூட இல்லை. அதே அளவு பாசிப்பருப்பில் 20 கிராமுக்கு மேல் உள்ளது. மேலும், நீர்த்த கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர். குழந்தையின் சிறிய இரைப்பை அதனால் நிரம்பிவிடும், பசி அடங்கும், ஆனால் தசையும் குருதியும் வளர்வதற்கான சத்து கிடைக்காது. புண்பட்ட குடல் ஆறுவதற்கும் புரதம் தேவை. எனவே போதிய உணவின்மை குடலைப் பலவீனமாக்கும். பலவீனமான குடல் மீண்டும் வயிற்றுப்போக்கிற்கு வழிவிடும்.

ஆறு மாதம் நிறைவதற்கு முன்

இப்பருவத்தில் தாய்ப்பால் மட்டுமே உணவு. வயிற்றுப்போக்கின்போதும் அதனை நிறுத்தலாகாது. நோய்க்குப் பின் சில குழந்தைகளுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் தற்காலிகமாகக் குறையலாம். குடல் ஆறியதும் அது பெரும்பாலும் திரும்பிவிடும். மருத்துவர் ஆலோசனைப்படி பால் மாவு கொடுப்போர், செரிக்கட்டும் என்று எண்ணிக் கூடுதல் தண்ணீர் சேர்க்கக் கூடாது. பால் குடித்தபின் சிறிது கக்குவது இயல்பு. எடை சீராக ஏறினால் அஞ்ச வேண்டியதில்லை. பால் கொடுத்தபின் 20 முதல் 30 நிமிடங்கள் குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்து வைத்திருங்கள்.

ஆறு மாதத்திற்குப் பின்

தாய்ப்பாலுடன் திட உணவையும் தொடங்க வேண்டும். உணவு, கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் இருக்க வேண்டும். குழைந்த சோற்றுடன் நன்கு வெந்த பாசிப்பருப்பை மசித்து, ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய் சேருங்கள். அந்த ஒரு தேக்கரண்டியே சுமார் 45 கலோரி தரும். வயிற்றில் அதிக இடமும் கொள்ளாது. நாமக்கல் முட்டைக்குப் பெயர்பெற்ற மாவட்டம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. நன்கு வேகவைத்துச் சிறிதளவில் தொடங்கலாம். தடிப்போ வாந்தியோ தோன்றினால் நிறுத்தி மருத்துவரிடம் கூறுங்கள். ஜவ்வரிசியையும் ஒதுக்க வேண்டியதில்லை. பருப்பு, நெய் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சினால் அதுவும் நல்லுணவே. ஓராண்டு நிறையும் வரை தேன் கொடுக்கலாகாது.

வயிற்றுப்போக்கின்போது ஒவ்வொரு முறை கழிந்தபின்னும் 50 முதல் 100 மில்லி உப்பு சர்க்கரைக் கரைசலை (ஓ.ஆர்.எஸ்.) சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். மருத்துவர் தரும் ஜிங்க் மருந்தை, கழிச்சல் நின்றாலும், 14 நாட்களும் முழுமையாகக் கொடுங்கள். திட உணவு உண்ணும் குழந்தைக்கு, நலமடைந்தபின் இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் ஒரு வேளை உணவு கூடுதலாக அளித்தால் இழந்த எடை மீளும்.

எடையே சான்று

குழந்தையின் எடை பொதுவாக ஐந்து, ஆறு மாதத்தில் பிறந்த எடையைப்போல் இருமடங்கும், ஓராண்டில் மும்மடங்கும் ஆகும். அண்டை வீட்டுக் குழந்தையுடன் ஒப்பிடாதீர்கள். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் உள்ள கோடு மேல்நோக்கிச் செல்கிறதா என்று கவனியுங்கள். கோடு படுத்தாலோ இறங்கினாலோ அடுத்த மாதம் வரை காத்திராமல் மருத்துவரைக் காணுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டியவை

• பச்சை நிற வாந்தி, அல்லது பால் குடிக்கும் ஒவ்வொரு முறையும் பீய்ச்சியடிக்கும் வாந்தி
• மலத்தில் இரத்தம், அல்லது வெளிறிய வெண்ணிற மலம்
• வயிறு கல்போல் உப்புதல்
• ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழியாமை, கண்கள் குழிவிழுதல்
• பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் விழிக்காத சோர்வு

இவற்றில் ஒன்று தென்பட்டாலும், தொக்கம் எடுக்கவோ குடல் தட்டவோ அழைத்துச் சென்று நேரத்தை இழக்க வேண்டாம். பச்சை நிற வாந்தி குடல் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம்; அதில் சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகும்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது வளர்ச்சி அட்டையையும், முந்தைய மூன்று நாட்களில் குழந்தை உண்டவற்றை எழுதிய குறிப்பையும் எடுத்து வாருங்கள். எந்த உணவில் எதைச் சேர்க்க வேண்டும் என்பதை அவற்றைக் கொண்டே மருத்துவர் தெளிவாகக் கூற இயலும்.