தம்பி தங்கையர்க்கு ஒரு படநூல்

மாலையில் வேலை முடிந்து களைப்புடன் வீடு திரும்பும் பெற்றோர்க்குக் கதை சொல்ல நேரம் வாய்ப்பது அரிது. கதை சொல்லும் பாட்டியோ பல குடும்பங்களில் வேறூரில் இருக்கிறார். ஆகவே, இளஞ்சிறார்க்குக் கதை படித்துக் காட்டும் பொறுப்பு உயர்நிலைப் பள்ளியில் பயிலும் தமக்கையையோ தமையனையோ வந்து சேர்கின்றது. தமக்கையின் ஒருபுறம் ஏழு வயதுத் தம்பி. மறுபுறம் மூன்று வயதுத் தங்கை. மடியில் இருப்பதோ ஒரே நூல். தம்பிக்கு ஏற்றதை எடுத்தால் நான்கு வரி முடியும் முன்னரே தங்கை எழுந்து ஓடுகிறாள். தங்கைக்கு ஏற்றதை எடுத்தால், “இது பாப்பா புத்தகம்” என்று தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இருவரையும் ஒருசேர அமர்த்தி வைக்கும் நூலைத் தேர்வது எளிய செயல் அன்று.

படம் அச்சிட்ட நூல் எல்லாம் படநூல் ஆகிவிடாது. கொமேனியஸ் என்னும் கல்வி அறிஞர், சிறுவர்க்கென்று படங்கள் நிறைந்த நூல் ஒன்றை 1658ஆம் ஆண்டில் நூரம்பர்க் நகரில் வெளியிட்டார். உலகில் காணும் பொருள்களின் படங்கள் அதில் இருந்தன; அவற்றின் பெயர்கள் இலத்தீன் மொழியிலும் செருமானிய மொழியிலும் அருகே தரப்பட்டன. அக்காலத்தில் அது பெரும் புதுமை. மாம்பழத்தின் படமும் அதன் கீழே ‘மாம்பழம்’ என்ற சொல்லும் உள்ள இக்காலச் சிறுவர் நூல்கள் அதன் வழிவந்தவையே. பெயர் அறிவதற்கு அவை உதவும். ஆயினும், அவற்றை ஒருமுறை புரட்டிய குழந்தை மறுநாள் விரும்பிக் கேட்பதில்லை. சொல் உரைத்ததையே படமும் காட்டுமானால், குழந்தை தானாகக் கண்டுபிடிக்க அங்கே என்ன இருக்கிறது?

சொல் கூறாத ஒன்றைப் படம் கூறும்போதுதான் நூல் உயிர் பெறுகிறது. இங்கிலாந்து நாட்டவரான பாட் ஹச்சின்ஸ் என்னும் அம்மையார் 1968இல் வெளியிட்ட நூல் இதற்கு நல்ல சான்று. ரோசி என்னும் கோழி பண்ணையைச் சுற்றி உலவச் சென்று, உணவு நேரத்திற்குத் திரும்பி வருகிறது. நூல் முழுவதிலும் உள்ள ஆங்கிலச் சொற்கள் 32 மட்டுமே. அவற்றைப் படித்துக் கேட்பவர்க்கு இது கதையாகவே தோன்றாது. படத்திலோ, கோழியைப் பற்றித் தின்ன ஒரு நரி பின்தொடர்கிறது! முற்றத்தில் கிடக்கும் குப்பைவாரியை அது மிதிக்க, கைப்பிடி எழுந்து அதன் முகத்தில் அறைகிறது. பாயும்போது குளத்தில் விழுகிறது; வைக்கோற்போரில் புதைகிறது; மாவு ஆலையின் அருகே மூட்டை மாவெல்லாம் அதன் தலையில் கொட்டுகிறது. இறுதியில் தேனீக்கள் துரத்த ஓட்டம் பிடிக்கிறது. கோழி ஒருமுறையும் திரும்பிப் பார்ப்பதில்லை. நரி என்ற சொல்லும் நூலில் ஓரிடத்திலும் இல்லை.

இந்நூலைத் தமிழில் சொல்லிப் படிப்பதும் எளிது. சொற்கள் அத்துணைக் குறைவு. தமக்கை கோழியைப் பற்றிப் படிக்கிறாள். தங்கையின் விரலோ நரியின்மேல் இருக்கிறது. எழுத்தறியாத அவளுக்குத் தெரிந்த செய்தி, படித்துக் காட்டும் அக்காளுக்குத் தெரியவில்லையே என்று அவள் துள்ளுகிறாள். கோழி உண்மையிலேயே அறியாமல் நடக்கிறதா, அறிந்தே அறியாததுபோல் நடக்கிறதா என்று ஏழு வயதுத் தம்பி வினவுகிறான். ஒரே பக்கம் இருவர்க்கும் இருவேறு வேலை தருகிறது. படிப்பவர் செய்ய வேண்டுவது ஒன்றே: “அதோ, நரி பார்!” என்று முந்திக்கொண்டு கூறாதிருத்தல். இஃது எளிதாகத் தோன்றினும், படிப்பவர் பலர் தவறுவது இவ்விடத்தில்தான்.

அச்சம் தரும் நூல்களை விலக்க வேண்டுமா என்பது அடுத்த வினா. அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக் 1963இல் எழுதி ஓவியம் தீட்டிய நூலில், ஓநாய் உடை அணிந்து குறும்பு செய்த மாக்ஸ் என்னும் சிறுவன் இரவு உணவின்றிப் படுக்கைக்கு அனுப்பப்படுகிறான். அவனது அறையில் காடு முளைக்கிறது. அவன் படகேறிச் சென்று, கோரைப் பல்லும் கூர்நகமும் உடைய கொடிய உயிர்களுக்கு அரசனாகிறான். குழந்தைகள் அஞ்சுவார்கள் என்று பெரியவர் சிலர் அன்று குறை கூறினர். ஆனால், குழந்தைகள் அந்நூலை விடவில்லை. முதற்பக்கங்களில் வெண்மையான ஓரம் சூழச் சிறிதாய் இருக்கும் படம் பக்கந்தோறும் வளர்கிறது. ஆரவாரம் உச்சத்தை அடையும்போது இரண்டு பக்கங்களையும் நிறைத்துச் சொல்லுக்கே இடமின்றிச் செய்கிறது. பின்பு சிறுவனுக்கு வீட்டு நினைவு வர, சொற்கள் மீள்கின்றன. அவனுக்கென வைத்த உணவு அறையில் காத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை.

அச்சத்தைக் காட்டும் நூல் குழந்தையை மீண்டும் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறதா என்று பார்த்தல் வேண்டும். சேர்க்குமாயின், தங்கை அக்காளின் கையை இறுகப் பற்றிக்கொண்டு கேட்பாள். மறுநாளும் அதையே கேட்பாள். காட்டிலேயே விட்டுவிடும் நூலைத் தம்பி தனியே படிக்கும் வயது வரும்வரை ஒதுக்கி வைப்பதே தக்கது.

கற்பனை மிக்க நூல்கள் அயல்நாட்டில்தான் பிறக்கும் என எண்ண வேண்டா. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த கோண்டு ஓவியர் பஜ்ஜு சியாம், இலண்டனில் ஓர் உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டச் சென்றார். அங்குக் கண்டவற்றை அவர் வரைய, சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் 2004இல் நூலாக வெளியிட்டது. இலண்டனின் புகழ்பெற்ற மணிக்கூண்டை அவர் சேவலோடு இணைத்து வரைந்தார். சிற்றூரில் பொழுதை அறிவிப்பது சேவல் அன்றோ? நிலத்தடியில் ஓடும் இரயிலையும் ஓர் உயிராகக் கண்டார். நாள்தோறும் தம்மை வழிதவறாது கொண்டு சேர்த்த 30ஆம் எண் பேருந்து அவர்க்கு நன்றியுள்ள நாயாயிற்று. நூலின் உரைப்பகுதி வளர்ந்தோர்க்கு உரியது. மூன்று வயதுக் குழந்தை அதைக் கேட்டு அமராது. உரையை விட்டுப் படங்களை மட்டும் காட்டி, “நம் ஊர்ப் பேருந்து எந்த விலங்கைப் போல் இருக்கும்?” என்று கேட்டால், தம்பியும் தங்கையும் வாய் ஓயாமல் பேசுவர்.

உரக்கப் படிப்பதற்கு உரிய நூலில் ஓசையும் ஆராயத்தக்கது. தமிழ்க் குழந்தைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் அது கேட்பது பேச்சுத் தமிழ். நூலில் இருப்பது எழுத்துத் தமிழ். ‘போனான்’ என்று கேட்டுப் பழகிய காதில் ‘சென்றான்’ என்பது புதிதாக விழுகிறது. கதையே கேளாமல் பள்ளிக்கு வரும் குழந்தை, எழுத்தையும் எழுத்துமொழியையும் ஒரே நாளில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதாகின்றது. அது சிறு தோளுக்குப் பெருஞ்சுமை. அதனால், தங்கைக்குப் புரியாது என்று அஞ்சி, நூலின் மொழியை முழுவதும் பேச்சுக்கு மாற்றிவிடுதல் நன்றன்று. அச்சிட்டவாறே ஒரு பக்கம் படித்து, பின்னர் வீட்டுப் பேச்சில் அதைப் பற்றி உரையாடலாம். மறுமுறை படிக்கும்போது குழந்தையே அச்சொல்லை முந்திக்கொண்டு கூறும்.

நூலின் தமிழ் நல்ல தமிழாக இருத்தலும் இன்றியமையாதது. வேற்றுமொழியிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த நூல்களில் வாக்கியம் நடைபயிலாது, நொண்டும். வாங்குமுன் ஒரு பக்கத்தைத் தனியே வாய்விட்டுப் படித்தால் இது விளங்கிவிடும். நாத்தடுக்கும் நூல், படம் எத்துணை அழகாயினும், இரவுக் கதைக்கு ஆகாது. ஒவ்வொரு கதைக்கும் கடைசியில் அறிவுரையைப் பெரிய எழுத்தில் அச்சிடும் நூல்களும் உண்டு. அப்பக்கம் வந்ததும் தம்பி கொட்டாவி விடுவதில் வியப்பில்லை.

நூல்கள் கிடைக்கும் இடங்களும் இன்று பெருகியுள்ளன. 1957இல் நிறுவப்பட்ட தேசியப் புத்தக நிறுவனமும், சென்னையில் 1996இல் தோன்றிய தூலிகா பதிப்பகமும் தமிழில் சிறுவர் படநூல்களை வெளியிட்டுள்ளன. சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்க்கெனத் தனிப்பகுதிகள் உள்ளன. தம்பி தங்கையரை உடன் அழைத்துச் சென்று, ஒரு நூலைத் தம்பியும் ஒரு நூலைத் தங்கையும் எடுக்கவிட்டு, மூன்றாவதைத் தமக்கை தேர்வது நலம். இரவில் யாருடைய நூல் முதலில் என்ற வழக்கு எழும். முறை வைத்துத் தீர்க்கலாம்.

விரும்பிக் கேட்கப்படும் நூல் விரைவில் மடிப்பில் கிழியும். மெல்லிய தாளையும் மைதாப் பசையையும் கொண்டு ஒட்டி, மேலட்டை தெரியும்படி தாழ்வான பலகையில் சாய்த்து வைத்தல் வேண்டும். எழுத்தறியாத குழந்தை தன் நூலை அட்டைப் படம் கண்டே எடுத்து வருகிறது.