டப்பாவில் மீந்த நான்கு மாத்திரைகள்



கடந்த மழைக்காலத்தில் மும்பை தாராவியில் ஒரு குடும்பத்தைச் சந்தித்து ஜெபிக்கச் சென்றிருந்தேன். வீட்டுத் தலைவர் தோல் பட்டறையில் தினக்கூலிக்கு உழைக்கிற சகோதரர். இரண்டு நாட்களாக வயிற்றுப்போக்கு. மருத்துவரிடம் சென்றால் அன்றைய கூலி போய்விடும் என்று, தெருமுனை மெடிக்கலில் "லூஸ் மோஷனுக்கு மாத்திரை" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரரும் சீட்டுக் கேளாமல் ஆறு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டார். இரண்டை விழுங்கியதும் வயிறு அடங்கிற்று. மீதி நான்கும் ஒரு டப்பாவில் இருந்தன. "பிள்ளைகளுக்கு வந்தால் பாதியாய் உடைத்துக் கொடுக்கலாமே, ஐயா" என்றார் அவருடைய மனைவி. அந்தச் சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவை ஓஃப்ளாக்சசின், ஓர்னிடசோல் என்னும் இரு மருந்துகள் சேர்ந்த மாத்திரைகள். முன்னது பாக்டீரியா கிருமிகளைக் கொல்வது. பின்னது அமீபா போன்றவற்றைக் கொல்வது. எந்தக் கிருமி என்று தெரியாமலே இரண்டின்மேலும் குண்டு போடுகிற வைத்தியம் இது! வயிற்றுப்போக்குகளில் பெரும்பாலானவை வைரஸினாலோ, கெட்டுப்போன உணவினாலோ வந்து, சில நாட்களில் தாமாகவே அடங்குகிறவை. வைரஸின்மேல் இம்மாத்திரைகளுக்கு அதிகாரமே இல்லை. அச்சகோதரருக்கும் மாத்திரையில்லாமலே நின்றிருக்கக்கூடும்.

பின்பு உயிரைப் பறிப்பது எது? உடலை விட்டு வெளியேறும் நீரும் உப்புமே. 1971-ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது, பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானாபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே திரளான உயிர்களைக் காத்தார். அதுவே இன்று நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். தூள். 21 கிராம் பொட்டலம் முழுவதையும் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். தம்ளருக்குச் சிறிது என்று கண்ணளவாகப் போடாதிருங்கள். குழந்தைகளுக்குத் தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். 14 நாட்கள் துத்தநாக மாத்திரை கொடுக்கும்படி மருத்துவர் சொல்லுவார். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்கப்பட்ட இனிப்புப் பானங்களை நம்பி ஏமாந்த தாய்மார் உண்டு. அப்படிப் பெயரிடக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலத்தில் இரத்தமோ சளியோ கண்டால், கடுங்காய்ச்சல் இருந்தால், காய்ச்சல் நாட்கணக்கில் நீடித்தால், தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். அது சீதபேதியாயிருக்கலாம், டைபாய்டாயிருக்கலாம். போக்கை உடனே கட்டுகிற லோப்பரமைடு மாத்திரையை அந்நிலையில் விழுங்குவது ஆபத்து. சிறு பிள்ளைகளுக்கோ அதைக் கொடுக்கவே கூடாது. கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, பிள்ளை சோர்ந்து கிடந்தால் காலைவரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அவர் சொன்ன நாள்வரைக்கும் சாப்பிடவேண்டும். இங்கே என் சொந்தத் தவறொன்றை அறிக்கையிடுகிறேன். நான் இளம் ஊழியனாயிருந்த நாட்களில், டைபாய்டிலிருந்த ஒரு சகோதரி, ஜெபித்தபின் காய்ச்சல் விட்டது என்று சொல்லி மருந்தை நிறுத்திவிட்டதாகச் சபையில் சாட்சி சொன்னார். நானும் மகிழ்ந்து "ஆமென்" என்றேன். இரண்டு வாரங்களில் காய்ச்சல் முன்னிலும் கடுமையாகத் திரும்பிற்று. அவர் மருத்துவமனையில் ஏறக்குறைய ஒரு மாதம் கிடந்தார். பிழைத்தார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆயினும் என் ஆமென் இன்றும் என்னை உறுத்துகிறது. இப்பொழுதெல்லாம் ஜெபித்து முடித்தவுடன், "மாத்திரை எத்தனை நாளுக்கு?" என்று கேட்பது என் வழக்கம்.

டைபாய்டுக்கு ஒருகாலத்தில் நன்றாய் வேலை செய்த சிப்ரோஃப்ளாக்சசின், நம் நாட்டில் இன்று பலருக்குப் பலிப்பதில்லை. கண்டபடி விழுங்கிக் கிருமிகளைப் பழக்கிவிட்டோம். அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடாத மருந்து என்று அரசு 2016 முதல் அறிவித்துவருகிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்திருக்கிறோம்?

சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளைப் பாலோடும், அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளோடும், இரும்பு அல்லது துத்தநாக மாத்திரைகளோடும் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடலில் சேராது. எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குதிகால் தசைநாணில் வலி கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இவை இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கக்கூடும். அந்நாட்களில் உபவாசம் இருக்கவேண்டாம். வலிப்பு நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லவேண்டும். மெட்ரோனிடசோல் வகை வாயில் உலோகக் கசப்பை உண்டாக்கும், பயப்படவேண்டாம். ஆனால் அதனோடு மது சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரலாம். மது கலந்த இருமல் மருந்துக்கும் இது பொருந்தும்.

வயிற்றுக்கென்று கடைகளில் எளிதாய்க் கிடைத்த கிளியோகுவினால் மாத்திரையினால் ஜப்பானில் ஏறக்குறைய 10,000 பேர் நரம்பு பாதிக்கப்பட்டு, சிலர் பார்வையையும் இழந்தார்கள். 1970-இல் அங்கே அது நிறுத்தப்பட்டது. வயதானவர்கள் என்டெரோவயோஃபார்ம் என்றால் அறிவீர்கள், அதுவே அம்மருந்து.

கூலி போகுமே என்கிற கவலை நியாயமானதே. மும்பையில் மாநகராட்சி 2022 முதல் திறந்துவரும் ஆப்லா தவாகானா கிளினிக்குகள் பல, மாலை வேளையிலும் இலவசமாகப் பார்க்கின்றன. இந்தியும் மராத்தியும் சரளமாக வராதவர்கள், ஏற்கெனவே விழுங்கிய மாத்திரையின் அட்டையைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அச்சகோதரியின் டப்பாவிலிருந்த துண்டுகளிலோ பெயர் பாதிதான் இருந்தது. காலாவதித் தேதி கத்தரியோடு போய்விட்டது. அவற்றை அன்றே அப்புறப்படுத்தச் சொன்னேன். "காசு கொடுத்து வாங்கினதாயிற்றே" என்று அவர் சற்றே தயங்கினார். பின்பு மூத்த மகனை அழைத்து, இரண்டு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். வாங்கிவரக் கடைக்கு அனுப்பினார்.