மருந்துப் படிப்பு, பயோடெக் படிப்பு: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்வோம்



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் பேச்சே மாறிவிடும். ஆடு வாங்க, கூரை மாற்ற என்று கேட்ட உள்கடன் எல்லாம் பிள்ளை படிப்புக்கு என்று ஆகிவிடும். சென்ற ஆண்டு அப்படி ஒரு கூட்டத்தில் ஓர் அக்கா ஒரு லட்சம் ரூபாய் கடன் கேட்டார். "பொண்ணு டி.பார்ம் படிக்கப் போறா மேடம். தினமும் காலேஜ் போக வேணாமாம். பரீட்சைக்கு மட்டும் போனா சர்டிபிகேட் கையில வந்துடும்னு ஒருத்தர் சொல்றார்" என்றார். குழு தீர்மானம் எழுதத் தயாராக இருந்தது. இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லி விசாரித்தோம். அந்தக் கல்லூரியின் பெயர் அங்கீகாரப் பட்டியலிலேயே இல்லை! பணம் தப்பியது.

ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நாங்களே ஒரு தவறு செய்தோம். பெற்றோர் கூட்டத்தில் "பயோடெக் படித்தால் நல்ல எதிர்காலம்" என்று பொதுவாகப் பேசிவிட்டு வந்தோம். அதை நம்பி இரண்டு பிள்ளைகள் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி படித்தார்கள். இன்று ஒருவர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். இன்னொருவர் வீட்டில் இருக்கிறார். படிப்பு மோசமில்லை. அதன் பாதை நீளமானது என்பதை நாங்கள் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இரண்டும் ஒன்றா?

இல்லை. மருந்தியல் (பார்மசி) என்பது மருந்தைத் தயாரிப்பது, தரம் பார்ப்பது, நோயாளிக்குச் சரியாகக் கொடுப்பது பற்றிய படிப்பு. பயோடெக்னாலஜி என்பது உயிருள்ளவற்றைக் கொண்டு பொருள் உண்டாக்கும் அறிவியல். பாலைத் தயிராக்குவதும் மாவைப் புளிக்க வைப்பதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தானே? அதே நுண்ணுயிர்களில் மாற்றம் செய்து, பெரிய கலன்களில் வளர்த்து, சர்க்கரை நோய்க்கான இன்சுலினை எடுக்கிறார்கள். இப்படித் தயாரான இன்சுலின் 1982ல் விற்பனைக்கு வந்தது. நம் குழந்தைகளுக்குப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கான பொருளும் ஈஸ்டில் வளர்த்து எடுக்கப்படுவதுதான்.

மருந்துப் படிப்பு

டி.பார்ம் 2 ஆண்டு. அதோடு 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். பி.பார்ம் 4 ஆண்டு. பார்ம்.டி 6 ஆண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் அல்லது கணிதம் படித்திருக்க வேண்டும். காமர்ஸ் குரூப் பிள்ளைகள் சேர முடியாது. பி.பார்முக்கு நீட் தேர்வு கிடையாது. சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பி.பார்ம் உண்டு.

1948ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி, பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா அங்கீகரித்த கல்லூரியில் படித்தால்தான் மாநில கவுன்சிலில் பெயர் பதிய முடியும். பதிவு இல்லை என்றால் பார்மசிஸ்ட் வேலை இல்லை. சர்டிபிகேட் வெறும் தாள்தான். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு மருந்துகளைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். அதனால் முறையாகப் படித்தவருக்கு நம் ஊர்ப் பக்கமே வேலைக்கு வழி உண்டு.

பயோடெக் படிப்பு

பி.எஸ்சி. 3 ஆண்டு, பி.டெக். 4 ஆண்டு. பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கிடைக்கும் வேலை குறைவு. எம்.எஸ்சி.யும் ஆய்வகப் பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன். எம்.எஸ்சி.க்கு கேட்-பி என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி, மத்திய அரசு உதவி பெறும் இடங்களில் சேரலாம். அதன்பின் நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறி, பிஎச்.டி.யில் சேர்ந்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தியிருக்கிறார்கள். நல்ல பாதைதான். ஆனால் குறைந்தது 5 ஆண்டு வீடு பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க முடியாத குடும்பம் டி.பார்ம் அல்லது லேப் டெக்னீஷியன் படிப்பை யோசிக்கலாம்.

வேலை எங்கே, எப்படி?

சென்னைக்கு அருகே ஆலத்தூர், ஓசூர், கடலூர் சிப்காட் ஆகிய இடங்களில் மருந்து கம்பெனிகள் உள்ளன. தயாரிப்பு, தரப் பரிசோதனை, ஆவணப் பிரிவு, பேக்கிங் என்று பல பிரிவுகள். கிண்டியில் கிங் நிலையம், குன்னூரில் 1907ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் போன்ற அரசு நிறுவனங்களும் உண்டு.

ஒரு விஷயம் பிள்ளைகளிடம் முன்பே சொல்லுங்கள். மருந்து தயாரிக்கும் அறைக்குள் வளையல், பூ, பொட்டு, பவுடர் எதுவும் கூடாது. தலை முதல் கால் வரை மூடிய உடைதான். மருந்தில் தூசு விழக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. இது தெரியாமல் போய், "பொட்டை அழிக்கச் சொல்றாங்க" என்று ஒரு வாரத்தில் திரும்பிய பிள்ளையும் உண்டு.

பட்டம் இல்லாத நமக்கும் இந்தத் துறை தூரமில்லை. திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்திடம் பயிற்சி பெற்ற மகளிர் குழுக்கள், பயிரைக் காக்கும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணியை உற்பத்தி செய்து விற்றன. அதுவும் உயிரியல் தொழில்தான்.

பணத்துக்கு வழி

முதலில் அரசு உதவி. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று 2022ல் தொடங்கினார்கள். பி.டெக். போன்ற பொறியியல் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021ல் வந்தது. அடுத்தது வங்கிக் கல்விக் கடன். மீதிக்கு மட்டும் குழுக் கடன்.

தீர்மானம் எழுதும் முன் கேட்க வேண்டியவை:

1. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா? பட்டியலில் நாமே பார்த்தோமா?
2. தினமும் வகுப்பு நடக்கிறதா? ஆய்வகத்தை நேரில் பார்த்தோமா?
3. ஹாஸ்டல், பஸ் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? ரசீது தருவார்களா?
4. முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?
5. பிள்ளைக்கு இந்தப் படிப்பில் விருப்பம் இருக்கிறதா?

முதலில் சொன்ன அக்காவின் மகள் முறையாக விண்ணப்பித்து, அங்கீகாரம் உள்ள கல்லூரியில் டி.பார்ம் சேர்ந்துவிட்டாள். குழு கொடுத்த கடன் 18,000 ரூபாய்தான். "அந்த ஒரு லட்சத்தைக் கொடுத்திருந்தா, இன்னும் வட்டிதான் கட்டிட்டு இருப்பேன்" என்கிறார் அந்த அக்கா.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். சந்தேகம் இருந்தால் பணம் கட்டும் முன் எங்களைக் கேளுங்கள். தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்கிறோம்.