வாயிற்காவலின் விலை

இசை நிகழ்ச்சிக்குச் செல்பவர்கள் மேடையையும் பாடகரையும் எண்ணியபடி செல்கிறார்கள். வாயிலில் நிற்பவரை எவரும் எண்ணுவதில்லை. ஆனால், அந்த மாலைப்பொழுது இனிதாக முடிவதும் துயரமாக முடிவதும் பல நேரங்களில் அவர் கையில்தான் இருக்கிறது.

2022 டிசம்பர் 15 அன்று லண்டன் பிரிக்ஸ்டன் பகுதியில் உள்ள ஓ2 அகாதெமி அரங்கில் நைஜீரியப் பாடகர் அசாகேயின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. ஏறத்தாழ 5,000 பேர் கூடக்கூடிய அரங்கு அது. நுழைவுச்சீட்டு இல்லாதவர்களும் பெருந்திரளாக முன்வாயிலில் குவிந்ததால் ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் நிகழ்ச்சிக்கு வந்தவர். மற்றொருவர் அங்கே பணியிலிருந்த 23 வயதுப் பாதுகாவலர். காக்க நின்றவரே பலியான அச்செய்தி, வாயிற்காவல் பற்றிய சட்டங்களைப் பொருளியல் மாணவனாக மீண்டும் படிக்க என்னைத் தூண்டியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்பனைக்கும் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கும் 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். எல்லா அரங்குகளும் காவலர்களை நிறுத்தியே தீர வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. குற்றத் தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லைத் தடுப்பு, சிறார் நலன் ஆகிய நான்கு நோக்கங்களைக் கருதி, ஒவ்வோர் அரங்குக்கும் தனித்தனியே நிபந்தனை விதிக்கப்படுகிறது. ஆனால், காவலர் தேவை என்று நிபந்தனை விதிக்கப்பட்டால், அவர் பாதுகாப்புத் தொழில் ஆணையத்திடம் உரிமம் பெற்றவராக இருப்பது கட்டாயம். 2001-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் உருவாக்கிய அமைப்பு அது. குற்றப் பின்னணி ஆராயப்பட்டு, பயிற்சியும் தேர்வும் முடித்த பின்னரே உரிமம் கிடைக்கும். 2021 முதல் முதலுதவித் தகுதியும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

கூலி கொடுத்து ஒரு காவலரை அமர்த்துவதில் அரசு ஏன் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. பொருளின் தரம் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத சந்தையில், தரமற்றது தரமானதை வெளியேற்றிவிடும். வாயிலில் நிற்பவர் நிதானமானவரா, கைநீட்டும் முரடரா என்பது நுழைவுச்சீட்டு வாங்கியவருக்குத் தெரியாது. அமைப்பாளருக்கும் முழுமையாகத் தெரியாது. எனவே, மலிவான கூலிக்குக் கிடைப்பவரே அமர்த்தப்படுவார். தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை எதற்கோ, காவலருக்கு உரிமமும் அதற்கே.

இன்னொரு காரணமும் உண்டு. காவலர் எண்ணிக்கையைக் குறைத்தால் மிச்சமாகும் பணம் அமைப்பாளருக்குச் செல்கிறது. விபத்து நேர்ந்தால் இழப்போ பார்வையாளருக்கும் காவலருக்கும் அக்கம்பக்கத்தினருக்கும் நேர்கிறது. ஆதாயம் ஓரிடத்திலும் இழப்பு வேறிடத்திலும் சேரும்போது, சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று காத்திருக்க இயலாது.

அதற்காக, நிபந்தனைகளைக் கூட்டிக்கொண்டே போவதும் தீர்வாகாது. 5,000 இருக்கை கொண்ட அரங்குக்கு இரு காவலரின் ஊதியம் பொருட்டல்ல. 100 பேர் அமரும் சிறிய அரங்கில், புதிதாகப் பாட வந்த இளைஞரின் ஒரு நாள் வருவாயை அது விழுங்கிவிடும். இதை உணர்ந்தே, 2012-இல் கொண்டுவரப்பட்ட நேரடி இசைச் சட்டம், மது உரிமம் பெற்ற இடங்களில் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை 200 பேர் வரையிலான நிகழ்ச்சிகளுக்கு இசை சார்ந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2015-இல் அவ்வரம்பு 500 ஆக உயர்த்தப்பட்டது.

ஆபத்தை அளப்பதில் தவறான அளவுகோலைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் லண்டனே சான்று. மாநகரக் காவல் துறை, ‘படிவம் 696’ என்ற ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தை நடைமுறையில் வைத்திருந்தது. அதன் தொடக்கக்கால வடிவம், இசையின் வகையையும் வரவிருக்கும் பார்வையாளர்களின் இனத்தையும் கேட்டது. கறுப்பின இளைஞர்களின் இசையே இதனால் முடக்கப்படுகிறது என்ற கண்டனம் எழுந்ததும் 2009-இல் அந்தக் கேள்விகள் நீக்கப்பட்டன. 2017 நவம்பரில் படிவமே கைவிடப்பட்டது. ஒருவரின் நடத்தையைப் பாராமல் அவர் சார்ந்த கூட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பதைப் புள்ளியியல் பாகுபாடு என்கிறது பொருளியல். அது அநீதியானது மட்டுமல்ல, பயனற்றதும்கூட. நெரிசலுக்கு இசையின் வகை தெரியாது. அதற்குத் தெரிந்தவை வாயிலின் அகலம், வருவோரின் எண்ணிக்கை, அவர்கள் வந்துசேரும் வேகம் ஆகியவையே.

எனக்கு இதைக் கற்றுத்தந்தது நூலன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் கல்லூரிக் கலைவிழாவில் மெல்லிசை நிகழ்ச்சியின்போது வாயில் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. கூட்டம் முண்டியடித்ததும், கதவை இழுத்து மூடச் சொன்னேன். வயது முதிர்ந்த காவலாளி தயங்கினார். “முன்னால நிக்கிறவங்களால பின்னால போக முடியாதுங்க, ஐயா. வரிசையோட கடைசிக்குப் போய் அங்க நிறுத்தச் சொல்லுங்க” என்றார். இரண்டு மாணவர்களைத் தெருமுனைக்கு அனுப்பினேன். சில நிமிடங்களில் வாயிலில் மூச்சுவிட இடம் கிடைத்தது. பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது என்பதே எல்லா நெரிசல்களின் அடிப்படை. அந்தத் தகவலைக் கொண்டுசேர்ப்பதே வாயிற்காவலரின் முதற்பணி. உடல் வலிமை அதற்கு அடுத்ததே.

2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கில் 22 பேரின் உயிரைப் பறித்த குண்டுவெடிப்பும் இதையே உணர்த்துகிறது. சந்தேகத்துக்குரிய ஒருவரைப் பற்றிப் பொதுமக்களில் ஒருவர், வெடிப்புக்குச் சுமார் கால் மணி நேரத்துக்கு முன்பே அங்கிருந்த இளம் பணியாளரிடம் கூறினார். அச்செய்தி கட்டுப்பாட்டு அறையைச் சென்றடையவில்லை. அங்கே ஆட்கள் இருந்தார்கள், தகவல்தான் நகரவில்லை. அதன் விளைவாக உருவான 2025-ஆம் ஆண்டுச் சட்டம், 200 பேருக்கு மேல் கூடும் இடங்களுக்கு எளிய நடைமுறைகளையும், 800 பேருக்கு மேல் கூடும் இடங்களுக்குக் கூடுதல் கடமைகளையும் வகுத்துள்ளது. சுமையை அளவுக்கேற்பப் பகிரும் இந்த அணுகுமுறை வரவேற்கத்தக்கது. பிரிக்ஸ்டன் அரங்கும் 77 நிபந்தனைகளை ஏற்ற பின்னரே 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உறுதியான கதவுகள், புதிய நுழைவுச்சீட்டு முறை, மையக் கட்டுப்பாட்டு அறை ஆகியவை அவற்றுள் அடங்கும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 2023 செப்டம்பரில் சென்னையை அடுத்த பனையூரில் நடைபெற்ற ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சியில், நுழைவுச்சீட்டு வைத்திருந்த பலர் உள்ளே செல்ல இயலாமல் திரும்பினர். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தனர். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், முகமைக்கே உரிமம் வழங்குகிறது. வாயிலில் நிற்கும் தனிமனிதருக்கு அன்று. கறுப்புச் சட்டையும் திரண்ட தோள்களும் கொண்ட ‘பவுன்சர்’களை நிறுத்திவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

நுழைவுச்சீட்டின் விலையில் வாயிற்காவலின் விலையும் அடங்கியிருக்கிறது. அதைக் கொடுக்க மறுத்தால், யாரோ ஒருவர் வேறு வகையில் கொடுக்க நேரிடும். பிரிக்ஸ்டனில் அதைக் கொடுத்தவர்களுள் ஒருவர், வாயிலில் நின்ற 23 வயது இளம் காவலர்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).