விசிட்டிங் கார்டு: குறைந்த செலவில் அச்சிட சில யோசனைகள்

விசிட்டிங் கார்டு பெரிய கம்பெனிக்காரர்களுக்கு மட்டுமே என்று நம் வணிகப் பெருமக்கள் பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. கல்யாண வீட்டார் மளிகைப் பட்டியல் போட உட்காரும்போது நம் கடை எண் அவர்கள் கையில் இருந்தால்தான் ஆர்டர் நமக்கு வரும்.

அளவு: 3.5 அங்குல நீளம், 2 அங்குல அகலம் வழக்கமானது. ஏ4 அட்டை ஒன்றில் 10 கார்டுகள் அடங்கும். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தால் அவர்களைக் கொண்டே மேட்டரை அமைத்து, ஜெராக்ஸ் கடையில் 300 ஜி.எஸ்.எம். அட்டையில் லேசர் பிரிண்ட் எடுத்து வெட்டிக்கொள்ளலாம். இங்க்ஜெட்டில் எடுத்தால் ஈரக்கை பட்டு எழுத்து கலையக்கூடும்.

எண்ணிக்கை: ஆப்செட்டில் பிளேட் செலவு 100 கார்டுக்கும் 1,000 கார்டுக்கும் ஒன்றுதான். ஆகவே 100 போதுமென்றால் டிஜிட்டல் பிரிண்டே லாபம். 1,000 தேவையென்றால், பலருடைய கார்டுகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிக்கும் அச்சகத்தை நாடுங்கள். பிளேட் செலவு பங்காகிவிடும்.

மேட்டர்: கடைப்பெயர், சரக்கு வகை, விலாசம், அருகிலுள்ள அடையாளம், போன் எண், விடுமுறை நாள் ஆகியவை போதும். எழுத்து 8 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். பின்பக்கத்தை லேமினேஷன் இல்லாமல் வெறுமனே விட்டால், வாடிக்கையாளர் விலை குறித்துக்கொள்வார். கார்டும் பத்திரமாக இருக்கும்.

முக்கியமாக, புரூப் வந்ததும் அதிலுள்ள எண்ணைப் பார்த்தே டயல் செய்து பாருங்கள். யு.பி.ஐ. கியூ.ஆர். கோடு போட்டிருந்தால் ஸ்கேன் செய்து, நம் கடைப்பெயர் வருகிறதா என்று சரிபாருங்கள். ஓர் இலக்கம் தவறினாலும் 1,000 கார்டும் வீண்; வரவேண்டிய ஆர்டரும் வேறு கடைக்குப் போய்விடும்.